ஊருக்குப் போக முடியாத சீனப் பிள்ளைக்கு நம் வீட்டில் பெருநாள் வைப்பது எப்படி

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மலேசியாவின் கெடாவில் உள்ள எங்கள் பீடோங்கைச் சுற்றி வந்தால் கடைத்தெருவில் பாதிக் கதவுகள் இறங்கியிருக்கும். தவுக்கேமார், அதாவது கடை முதலாளிகள், எல்லாம் வீட்டுக்குப் போயிருப்பார்கள், தாமான் குடியிருப்பு முழுக்க வெளியூர் நம்பர் கார்கள் நிற்கும், மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகள் மட்டும் இருட்டாகக் கிடக்கும். அப்படி ஒரு வீட்டில் மாடியறையில் ஒரே ஒரு விளக்கு எரிகிறது என்றால், அங்கே ஊருக்குப் போக முடியாத பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டு மாடியிலேயே ஒருத்தி அப்படி இருந்தாள். சரவாக், சிபுவிலிருந்து இங்கே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவள். பினாங்கில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, சிபுவில் இறங்க வேண்டும். பெருநாள் வாரத்தில் டிக்கெட் விலை அவள் அப்பாவின் சம்பளத்துக்கு எட்டாது, போதாததற்கு மறுவாரம் பரீட்சை. முதல் வருஷம் அவள் போகவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனபோது அவள் அறையில் மேகி மீ வாசம் வந்தது. அம்மா கீழே இறங்கி வந்து, "அந்தப் பிள்ளை பெருநாள் ராத்திரி தனியா மேகி சாப்பிடுது" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தீபாவளி அன்று நம் பிள்ளை ஒன்று எங்கோ ஊர் பேர் தெரியாத இடத்தில் அப்படி உட்கார்ந்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்காகப் பெருநாள் வைக்க ஆரம்பித்தோம். அவள் படிப்பை முடித்துப் போன பிறகும், அடுத்தடுத்து வந்த பிள்ளைகளுக்காக அது நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். மாடியையோ பின்னறையையோ மாணவர்களுக்கு விட்டிருக்கும் நம் வீட்டு அம்மாமாருக்கும், சீனத் தோழர்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது. சீனப் பிள்ளை யாராவது தமிழ் படிக்கத் தெரிந்து இதைப் படித்தால் ரொம்ப சந்தோஷம், நீங்களும் கீழ்வீட்டு ஆண்டியிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

முதலில் சொல்லிவிடுகிறேன், பெருநாள் பதினைந்து நாள், ஆனால் உங்களால் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் முந்தின நாள் இரவுச் சாப்பாட்டைச் செய்யுங்கள். தோரணம், ஆரஞ்சு, சிங்க நடனம் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஒரு வேளைக்குக் குடும்பம் முழுக்க ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் நாடே வண்டி கட்டிக்கொண்டு பாலேக் கம்போங் என்று சொந்த ஊருக்குப் போகிறது.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

"சீனர்கள்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஹொக்கியன், கண்டனீஸ், ஹக்கா, தியோச்சு, ஹைனானீஸ், ஃபூச்சோ என்று ஆளுக்கொரு பேச்சு, ஆளுக்கொரு சமையல். நம் கெடா, பினாங்குப் பக்கம் ஹொக்கியன்தான் அதிகம் காதில் விழும். சிபு ஃபூச்சோக்காரர்களின் ஊர். 1901இல் வோங் நை சியோங் என்பவர் சீனாவின் ஃபூச்சோ பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அங்கே குடியேற்றினார். நம் பாட்டன்மார் கப்பலேறி ரப்பர் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே காலம். அதனால் இங்கே உள்ளூர்ச் சீனக் கடையில் கிடைப்பது எல்லாம் அவளுக்கு வீட்டுச் சாப்பாடு ஆகிவிடாது. "உங்க வீட்டில் என்ன செய்வாங்க?" என்று இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். ஒரு பலகாரத்தின் பேரைச் சொல்லும்போது முகம் மாறும், அதுதான் நீங்கள் தேட வேண்டியது.

சாமி கும்பிடும் வழக்கத்தையும் கேளுங்கள். ஊதுபத்தி, பலிமேசை என்று நாமே முடிவு பண்ணிவிடக் கூடாது. சிபு ஃபூச்சோக்காரர்களில் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர், எங்கள் பிள்ளையும் அப்படித்தான். அவள் ஊதுபத்தி ஏற்ற மாட்டாள், ஆனால் முந்தின நாள் சாப்பாட்டையும் முதல்நாள் மீ சுவா நூடுல்ஸையும் விடவே மாட்டாள்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. குவான் யின் அம்மனைக் கும்பிடும் வீடுகளில் பல பேர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, புத்தாண்டு முதல் நாள் சைவமாக இருப்பவர்களும் உண்டு. நம் வீட்டு அடுப்பில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இருக்காது. வீட்டில் மலாய்த் தோழர் இருந்தால் பன்றியும் மதுவும் சேராத சமையலாக, தனிப் பாத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மெதுவாகக் கேட்க வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அந்த வருஷம் யாராவது தவறியிருந்தால் பெருநாள் கொண்டாட மாட்டார்கள், மற்ற வீடுகளுக்கும் போக மாட்டார்கள். துக்க வீட்டில் அந்த வருஷம் தீபாவளி இல்லை என்று நாம் இருப்பதைப் போலத்தான். அப்படி இருந்தால் சிவப்புத் தாள், பாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு தட்டுச் சோறு மட்டும் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தேதி

தேதிக்கு வீட்டு நாள்காட்டியே போதும். சீன மாதம் அமாவாசையில் பிறக்கிறது, அதனால் பெருநாள் தை அமாவாசையிலோ மாசி அமாவாசையிலோ, சில வருஷம் அதற்கு மறுநாளோ வரும். 2025இல் ஜனவரி 29, அன்றே நமக்குத் தை அமாவாசை. 2026இல் பிப்ரவரி 17. 2027இல் பிப்ரவரி 6, சனிக்கிழமை, ஆட்டு வருஷம்.

2027ஐ இப்போதே குறித்து வையுங்கள், ஏனென்றால் முந்தின நாள் இரவு வெள்ளிக்கிழமை, அதுவும் தை வெள்ளி. மறுநாள் தை அமாவாசை. நம்மில் பல வீடுகளில் இரண்டு நாளும் கவுச்சி கிடையாது. கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறையும் ஆனதால் எல்லாரும் வீட்டில் இருப்போம், ஆனால் சட்டியில் என்ன போடுவது என்பதை முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால் கடைசி நேரத்தில் இரண்டு பக்கமும் மனஸ்தாபம். இதற்கு வழி கீழே சொல்கிறேன்.

முந்தின வாரம்

வீட்டைச் சுத்தம் பண்ணுவது பெருநாளுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். நமக்குப் போகி மாதிரி. மாடியறையை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் ஒரு மணி நேரம் துடைத்துக் கொடுங்கள், அதிலேயே பாதிப் பெருநாள் வந்துவிடும்.

பாசாரிலும் சீன மளிகைக் கடையிலும் சிவப்புத் தாள் அலங்காரம் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். "ஃபூ" என்ற எழுத்து, அதாவது நற்பேறு, சதுரமாக வெட்டிய சிவப்புத் தாளில் இருக்கும், அதைத் தலைகீழாக ஒட்டுவார்கள். தலைகீழ் என்பதற்கும் வந்து சேர்ந்தது என்பதற்கும் சீனத்தில் ஒரே மாதிரி உச்சரிப்பு. யாரோ தப்பாக ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள். எங்கள் வாசலில் மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டுவோம்.

பலகாரத்துக்குக் கவலை வேண்டாம். அன்னாசி டார்ட், கூவே காப்பிட், கூவே பாங்கிட் எல்லாம் டப்பாவில் விற்கிறார்கள், முறுக்கும் அங்கே இருக்கும். ஆமாம், நம் முறுக்குத்தான். இந்த நாட்டில் சீனப் பெருநாள் மேசையில் முறுக்கு இல்லாத வீடு குறைவு. அதை மட்டும் கடையில் வாங்காமல் அம்மா கையால் சுட்டுக் கொடுங்கள். ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சும் வாங்கிவிடுங்கள், "கம்" என்று சொல்வார்கள், தங்கத்துக்கும் அதே ஓசை. கொடுக்கும்போது எப்போதும் ஜோடியாகக் கொடுங்கள்.

அப்புறம் கூவே பாக்குல். புலுட் என்ற ஒட்டரிசி மாவும் சீனியும் சேர்த்து வாழையிலையில் மணிக்கணக்காக அவித்த பழுப்பு நிறப் பலகாரம். அடுப்படிச் சாமி மேலுலகம் போய் இந்த வீட்டைப் பற்றிக் கோள் சொல்லாமல் இருக்க, அவர் வாயில் இதை ஒட்டி அனுப்புவார்களாம். என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் கடைக்காரத் தவுக்கேயின் மனைவி வருஷா வருஷம் லயத்துக்கு இதைக் கொடுத்து அனுப்புவாராம், தீபாவளிக்குப் பாட்டி அதிரசம் அனுப்புவாராம். புதிதாக இருக்கும்போது கத்தியில் ஒட்டிக்கொண்டு வெட்டவே வராது. சில நாள் விட்டுக் கெட்டியானதும் கத்தியில் எண்ணெய் தடவி மெல்லிய துண்டாக வெட்டி, ஒரு பக்கம் கெலாடி என்ற சேப்பங்கிழங்குத் துண்டு, மறுபக்கம் சர்க்கரைவள்ளித் துண்டு, நடுவில் இது, அப்படியே பஜ்ஜி மாவில் தோய்த்துப் பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பாகு மாதிரி இளகி இழுக்கும். பஜ்ஜி போடத் தெரிந்த கைக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

முந்தின நாள் இரவு

மாணவர் வீட்டுக்கு ஸ்டீம்போட்தான் சரி. நடுவில் கொதிக்கும் ஒரு சட்டி, சுற்றி எல்லாரும், பச்சையாக வெட்டிவைத்ததை அவரவர் போட்டு எடுத்துச் சாப்பிட வேண்டியது. தனித்தனித் தட்டில் சாப்பிட்டு எழுந்து போக முடியாது, ஒரே சட்டியைச் சுற்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். கரண்டில் ஓடும் சட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய ரைஸ் குக்கரே போதும், மூடியைத் திறந்து வைத்தே கொதிக்க விடலாம். விடுதியில் இருப்பவர்கள் அறைக்குள் இதைச் செய்ய வேண்டாம், பெரும்பாலும் அனுமதி கிடையாது. வெளியே வீடு எடுத்திருக்கும் தோழர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு பேருக்கு நாங்கள் வாங்குவது இது: ஒரு கோழி, அரைக் கிலோ இறால், மீன் உருண்டை இரண்டு பாக்கெட், தவு (சோயாக் கட்டி) நான்கு, ஒரு கோபிஸ் (முட்டைக்கோஸ்), ஒரு கட்டுச் சாவிக் கீரை, கொஞ்சம் காளான், ஆறு முட்டை, மீகூன் (அரிசிச் சேமியா) ஒரு பாக்கெட். கோழி எலும்பும் கழுத்தும் ஒரு கைப்பிடி நெத்திலியும் முள்ளங்கித் துண்டுகளும் போட்டு மதியமே ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் சூப் தயார். மசாலா எதுவும் வேண்டாம். அம்மா முதல் தடவை ஒரு பட்டை, இரண்டு கிராம்பு போடக் கையெடுத்தார், நான் தடுத்துவிட்டேன். காரம் வேண்டுமென்றால் சிவப்பு மிளகாய், பூண்டு, லிமாவ் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சீனி சேர்த்து அரைத்துத் தொட்டுக்கொள்ள வையுங்கள், அதில் நம் ஆட்களுக்கும் திருப்தி. எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள், முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது, சிலது நாலைந்து நாள் கழித்துத்தான் திறக்கும்.

தை வெள்ளிப் பிரச்சினைக்கு இரண்டு சட்டி. ஒன்றில் சோளம், முள்ளங்கி, கேரட், காளான் போட்டுக் கொதிக்க வைத்த சைவச் சூப், இன்னொன்றில் கோழிச் சூப். இரண்டுக்கும் தனிக் கரண்டி. விரதம் இருக்கும் அம்மாவும் அதே மேசையில் உட்காரலாம், யாரும் அடுப்படியில் நின்று பரிமாற வேண்டியதில்லை. சமைக்கிறவர் உட்காரவில்லை என்றால் அந்தச் சாப்பாட்டுக்கு அர்த்தமில்லை, இதை அந்தச் சிபுப் பெண்தான் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள்.

தனியாக ஒரு முழு மீன் அவித்து வையுங்கள், தலையும் வாலும் இருக்கட்டும். இஞ்சியை நீளநீளமாக நறுக்கி மேலே தூவி, சோயா சாஸ் ஊற்றினால் போதும். மீனுக்கு "யூ" என்று பேர், மிச்சத்துக்கும் அதே ஓசை, அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிடுவார்கள். நாம் நல்ல மனசோடு, "வீணாக்காதே, முடிச்சிடு" என்று தட்டில் தள்ளிவிடுவோம், அதைச் செய்யாதீர்கள். மீனைப் புரட்டிப் போட வேண்டாம் என்று சில வீடுகளில் சொல்வார்கள், மேல்பக்கம் தீர்ந்தால் முள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கம் சாப்பிடலாம். சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, செத்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைத்தது போல் இருக்கும்.

வீடியோ கால் விஷயம் முக்கியம். மலேசியா முழுக்க ஒரே மணிதான், ஆனால் சிபு கிழக்கே தூரத்தில் இருப்பதால் அங்கே சுமார் முக்கால் மணி நேரம் முன்னாலேயே இருட்டிவிடும். இங்கே ஏழு மணிக்கு ஜெராய் மலைப்பக்கம் இன்னும் வெளிச்சம் இருக்கும்போது அவள் வீட்டில் விளக்குப் போட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முதல் தடவை நாங்கள் எட்டு மணிக்குச் சட்டியை வைத்தோம், அவள் கூப்பிட்டபோது அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அதிலிருந்து அவர்கள் எத்தனை மணிக்கு உட்காருகிறார்கள் என்று கேட்டு அதே நேரத்துக்குச் சட்டியைக் கொதிக்க வைக்கிறோம். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து, மேசையில் ஒரு ஆள் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அவள் பாட்டி ஃபூச்சோவில் என்னமோ கேட்பார், அம்மா தமிழில், "நல்லா சாப்பிடுறா, கவலைப்படாதீங்க" என்பார். இருவருக்கும் புரிந்தது.

முதல் நாள் காலை

கூட்டாதீர்கள். இதைத்தான் நம் வீடுகளில் மறப்போம், விடிந்ததும் வாசல் தெளித்துக் கூட்டிக் கோலம் போட்டே பழகிய கை. இரண்டாம் வருஷம் அம்மா ஆறு மணிக்கே எழுந்து, பிள்ளைக்கு நல்ல நாளாச்சே என்று மாடிப்படி வரைக்கும் கூட்டிக் குப்பையை வெளியே கொட்டிவிட்டார். அவள் படியின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வாடிவிட்டது. அன்றைக்குக் கூட்டினால் வருஷத்தின் பாக்கியத்தையே கூட்டித் தள்ளிய மாதிரி. அம்மாவுக்கு அது தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது. இப்போது கூட்டுவதும் கோலமும் முந்தின இரவே முடிந்துவிடும், விளக்குமாறு பின்கட்டுக்குப் போய்விடும். அன்று தலைக்குக் குளிப்பதில்லை என்பதும் உண்டு, நமக்கோ நல்ல நாள் என்றால் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகல். "போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டு வா" என்று அவளை விரட்டாதீர்கள். கறுப்பும் வெள்ளையும் உடுத்த வேண்டாம், கண்ணாடி டம்ளரை உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடனைப் பற்றியும் வாடகை பாக்கியைப் பற்றியும் அன்றைக்குப் பேசாதீர்கள்.

ஃபூச்சோ வீட்டில் அன்று காலை சிவப்பு அரிசி மதுவில் செய்த கோழிச் சூப்பில் மீ சுவா, நூல் போல நீண்ட மீ, ஆயுசுக்காக. அதை நடுவில் வெட்டக் கூடாது. மீ சுவா எந்தச் சீன மளிகைக் கடையிலும் கிடைக்கும். சிவப்பு மதுவும் அதன் வண்டலும் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். பேராக்கில் சித்தியவானும் 1903இல் ஃபூச்சோக்காரர்கள் குடியேறிய ஊர்தான், அந்தப் பக்கம் போகிற வருகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு போத்தல் வாங்கிவரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் இஞ்சியை நல்லெண்ணெயில் வதக்கி வெறும் கோழிச் சூப்பில் செய்தாலும் சாப்பிடுவாள்.

அங்பாவ், அதாவது உறையில் பணம், கொடுப்பது நமக்குத் தீபாவளியிலேயே பழக்கம்தான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாம் மொய்யிலும் ஆசீர்வாதத்திலும் 51, 101 என்று ஒன்று சேர்த்து வைப்போம், அதுதான் மங்களம். அவர்களிடம் அது தலைகீழ், ஒற்றைப்படைப் பணம் சாவு வீட்டுக்கு. அதனால் 8, 10, 20 என்று இரட்டையாக வையுங்கள், 4 மட்டும் வேண்டாம், சாவு என்ற சொல்லின் ஓசை அது. சிவப்பு உறை, புது நோட்டு, மடிக்காமல். கல்யாணமானவர்கள்தான் கொடுப்பார்கள், நம் மாணவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டியதில்லை, ஆரஞ்சு ஜோடி போதும். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், உங்கள் முன்னால் பிரிக்க மாட்டாள். பரிசு கொடுப்பதென்றால் கடிகாரம், கத்தி, குடை மாதிரியானவை வேண்டாம்.

அடுத்த நாட்களை வகுப்பு எப்படி இருக்கிறதோ அப்படிப் பார்த்துக்கொள்ளலாம். ஏழாம் நாள் எல்லா மனிதருக்கும் பிறந்தநாள் என்பார்கள், அதையொட்டி யீ சாங் கலக்கலாம். கீறிய கேரட், முள்ளங்கி, பொமேலோ, மொறுமொறு அப்பளம் எல்லாம் ஒரே தட்டில் வைத்து, சுற்றி நின்று சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிப் போட வேண்டியது. மேசை பாழாகட்டும், அதுதான் வேண்டும். பச்சை மீன் பிடிக்காதவர்கள் மீன் இல்லாமலே செய்யலாம். எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன்காரர்கள் ஜேட் பேரரசருக்கு, தீ கோங் என்பார்களே, படையல் போடுவார்கள். மேசையின் இரண்டு பக்கமும் தோகையோடு முழுக் கரும்பு கட்டியிருக்கும். அவர்கள் முன்னோர் எதிரிகளுக்குப் பயந்து கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் பிழைத்து, ஒன்பதாம் நாள் வெளியே வந்தார்கள் என்று கதை. ஹொக்கியனில் கரும்பு "கம் ச்சியா", நன்றி "கம் சியா", இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும். பொங்கலுக்குக் கரும்பு வாங்கிய கடையிலேயே சொல்லிவைத்தால் இதற்கும் எடுத்துத் தருவார்கள். பதினைந்தாம் இரவு சாப் கோ மேய், பௌர்ணமி நிலா, அதோடு பெருநாள் முடிகிறது.

மற்ற நாட்கள்

சீன நாள்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி, 2026இல் ஜூன் 19, சாங் சாப்பிடும் நாள். மூங்கில் இலையில் முக்கோணமாகக் கட்டி அவித்த புலுட் சோறு. பெரும்பாலும் உள்ளே பன்றி இருக்கும், நாம் சேர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் கீ சாங் என்று கேட்டு வாங்குங்கள், உள்ளே ஒன்றும் இல்லாமல் மஞ்சளாக இருக்கும், கூலா மலாக்கா என்ற தென்னைவெல்லப் பாகில் தொட்டால் அருமை.

ஏழாம் மாதம் பசித்த ஆவிகளின் மாதம். சாலையோரம் மெழுகுவர்த்தியும் பழமும் வைத்திருப்பார்கள், மிதிக்காமல் சுற்றிப் போங்கள், மற்றபடி நாம் செய்ய ஒன்றும் இல்லை. எட்டாம் மாதப் பௌர்ணமி, 2026இல் செப்டம்பர் 25, நிலா கேக். அது கனமான இனிப்பு, ஒருவர் ஒன்றைத் தின்று முடிக்க முடியாது, ஒரு கேக்கை எட்டாக வெட்டிச் சீனத் தேநீரோடு எல்லாரும் பகிர வேண்டும். வாங்கும்போது பன்றிக்கொழுப்பு இல்லாததா என்று பாருங்கள். தாங்லோங் விளக்கை ஏற்றி வீட்டு வாசலிலேயே உட்காரலாம், செம்பனைக்கு மேலே நிலா ஏறுவது எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து நன்றாகத் தெரியும்.

ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் விழா, சைவச் சாப்பாடு, வெள்ளை உடை. பல வருஷங்களில் நம் நவராத்திரியோடு ஒன்றாக வரும். 2024இல் இரண்டும் அக்டோபர் 3 அன்றே தொடங்கின. அந்த ஒன்பது நாளும் ஒரே அடுப்பில் இரண்டு வீட்டுக்கும் சமைக்கலாம், சுண்டலை அவர்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் டோங் சி என்ற குளிர்காலத் திருநாள். விடுமுறை கிடையாது, அதனால் ஊருக்குப் போகிறவர்கள் குறைவு, மாணவர்கள் எல்லாரும் இங்கேதான் இருப்பார்கள். அன்றைக்குத் தாங் யூவான் என்ற மாவு உருண்டை சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் ஒரு வயது கூடும். பார்த்தால் நம் பால்கொழுக்கட்டையேதான், தேங்காய்ப்பாலுக்குப் பதில் இஞ்சிப் பாகு. ஆனால் மாவு வேறு. அம்மா முதல் தடவை வீட்டில் இருந்த இடியாப்ப மாவையே பச்சைத் தண்ணீரில் பிசைந்து கொதிநீரில் போட்டார், எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிட்டது, கையில் கிண்ணத்தோடு நான்கு பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

புலுட் அரிசி மாவு 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறக்குறைய 250 மில்லி, கொஞ்சங் கொஞ்சமாக விட்டு, காதுமடல் அளவுக்கு மென்மையாக வரும்வரை பிசையுங்கள். அதிலிருந்து ஒரு எலுமிச்சை அளவு கிள்ளித் தட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து மறுபடியும் மீதி மாவோடு சேர்த்துப் பிசைய வேண்டும். கை சுடும், பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் செய்தால்தான் உருட்டும்போது விரியாது. பாதி மாவில் பீட்ரூட் சாறு ரெண்டு சொட்டு, மீதி வெள்ளையாகவே இருக்கட்டும். கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, ஈரத்துணி மூடி வையுங்கள். இன்னொரு சட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர், நசுக்கிய இஞ்சி கட்டைவிரல் அளவு, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு, கூலா மலாக்கா 150 கிராம், இருபது நிமிஷம் கொதிக்கட்டும். உருண்டைகளைத் தனித் தண்ணீரில் வேகவிட்டு, மிதந்த பிறகு இன்னும் ஒரு நிமிஷம் விட்டு, பாகில் போடுங்கள்.

உருட்டும் வேலையை நீங்களே முடித்துவைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். மாவை மேசையில் வைத்து எல்லாரையும் உட்கார வையுங்கள், அவரவர் அம்மா எப்படி உருட்டுவார் என்று பேசுவது அப்போதுதான் வரும். எங்கள் சிபுப் பெண் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஒரே நேரத்தில் மூன்று உருட்டுவாள், அவள் பாட்டி கற்றுக்கொடுத்தது. இப்போது அம்மாவும் அப்படித்தான் உருட்டுகிறார், பிள்ளையார் சதுர்த்திக்கும்கூட.

பச்சைப் பாக்கெட்டில் வரும் புலுட் மாவு டோங் சி வாரம் சீக்கிரம் தீர்ந்துவிடும், டிசம்பர் 18ஆம் தேதிக்குள் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்துவிடுங்கள்.